வராந்தாவில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

என் கணவரின் அம்மாவான மாமியை அடக்கம் பண்ணி இன்றோடு 19 நாள். அன்று ராத்திரி நீ வாட்ஸ்ஆப்பில் ஒரே ஒரு வசனம் அனுப்பியிருந்தாய். 1 தீமோத்தேயு 2:5. "தேவன் ஒருவரே, தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே." அதற்குக் கீழே, "அக்கா, கடைசி நேரத்திலாவது அவங்களை இயேசுவைக் கூப்பிட விட்டிருக்கலாம்" என்று ஒரு வரி. அன்றைக்குப் பதில் போட எனக்குத் தெம்பில்லை. இப்போது எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. களியக்காவிளை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கமெல்லாம் நம்மைப்போல் பாதி சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை), பாதி ஆர்.சி.யாக (கத்தோலிக்கராக) இருக்கிற வீடுகள் ஏராளம். இதே வசனம் இதே மாதிரி ராத்திரியில் அந்த வீடுகளுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

உன்மேல் கோபம் என்று நினைக்காதே. பாறசாலையிலிருந்து வாரம் தவறாமல் மாமிக்கு மாத்திரை வாங்கி வந்தவன் நீ. "மக்களே, சாப்பிட்டியா?" என்று அவர் வாய் ஓய்கிற வரை கேட்டது உன்னைத்தான். ஆனால் மாமியின் கடைசி ராத்திரி அவர் கட்டிலைச் சுற்றி நாங்கள் ஜெபமாலை உருட்டி 53 மணி ஜெபம் தொடங்கியதும் நீ எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாய். ஜன்னல் வழியாக உன் போன் வெளிச்சம் தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அத்தானின் சித்தி இடையில் "நன்ம நிறஞ்ஞ மறியமே, ஸ்வஸ்தி" என்று மலையாளத்தில் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் தமிழில் முடித்தார்கள். நான் மாதாவை நோக்கிச் சொல்லும் அந்த அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியை மட்டும் சேர்ந்து சொன்னேன்.

முதல் பாதி மட்டும் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அது அப்படியே லூக்கா முதல் அதிகாரம். 28-ம் வசனத்தில் தேவதூதன் சொன்னது, 42-ல் எலிசபெத்து சொன்னது. அதைச் சொல்ல எந்தச் சி.எஸ்.ஐ.க்காரனுக்கும் வாய் கூசவேண்டியதில்லை. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்ற இரண்டாம் பாதி வேதத்தில் இல்லை. சபை பிற்பாடு சேர்த்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அங்கே வரும்போது என் வாய் தானாக மூடிக்கொள்ளும். உன் அக்கா மாறிவிட்டாள் என்று நீ ஊரில் சொல்கிறாயாம். மாறவில்லை.

ஆனால் அந்த இரண்டாம் பாதியை நின்று கேட்டாயா? "வேண்டிக்கொள்ளும்" என்றுதான் வருகிறது. காப்பாற்றும் என்றோ மன்னியும் என்றோ மாதாவிடம் அங்கே கேட்கவில்லை. இதைவிடத் தெளிவாக இருப்பது, ஒருவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் மாதா பிரார்த்தனை. பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் சொல்லும்போது பதில் "எங்களைத் தயைபண்ணி இரட்சியும் சுவாமி". "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று தொடங்கிய நொடியே பதில் மாறிவிடும். அப்புறம் "விடியற்காலத்தின் நட்சத்திரமே", "தாவீது ராஜாவின் உப்பரிகையே" என்று எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் பதில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" மட்டும்தான். ஆர்.சி. இறையியலில் இதற்கு மூன்று கிரேக்கச் சொற்கள் உண்டு. கடவுளுக்கு மட்டும் லாத்ரியா, புனிதர்களுக்குத் தூலியா, மாதாவுக்கு அதைவிட ஒரு படி மேலே ஹைப்பர்தூலியா. மாமிக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த இடத்தில் எந்தப் பதில் என்று தவறாமல் சொல்லியிருப்பார்.

நம் தமிழ் இதில் கொஞ்சம் காலை வாரிவிடுகிறது. சாமியையும் கும்பிடுகிறோம், கலெக்டரையும் கும்பிடுகிறோம், தவணை கேட்டு வருகிறவனிடமும் "கும்பிட்டுக் கேக்கேன், ஒரு வாரம் பொறுங்க" என்கிறோம். ஒரே மரச்சிலையை அவர்கள் சுரூபம் என்பார்கள், நாம் விக்கிரகம் என்போம். எந்தச் சொல்லை எடுக்கிறாயோ, தீர்ப்பு அப்போதே எழுதியாகிவிட்டது. தமிழில் இந்தச் சண்டைக்கே கிட்டத்தட்ட 300 வயது. தரங்கம்பாடியில் இருந்த புராட்டஸ்டண்ட் மிஷனரிகளான லுத்தரன்காரர்களை மறுத்து வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். சதுரகராதி செய்த மனிதர், ஏசுவதற்கு அவருக்குச் சொல் பஞ்சமா இருந்திருக்கும்!

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன்.

நீ பிடித்திருக்கிற இடம் தவறு என்றுதான் சொல்கிறேன், உன் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. 1530-ல் லுத்தரன்காரர்கள் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் புனிதர்களைப் பற்றி 21-ம் பிரிவில் எழுதினார்கள். அவர்களை நினைவுகூரலாம், அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றலாம், ஆனால் அவர்களிடம் உதவி கேட்க வேதம் சொல்லவில்லை என்பது அதன் சாரம். அடுத்த வருஷம் அதற்கு எழுதிய விளக்கத்தில், பரலோகத்தில் இருக்கிற பரிசுத்தவான்கள் சபைக்காகப் பொதுவாக வேண்டிக்கொள்கிறார்கள் என்பதைக்கூட ஒத்துக்கொண்டார்கள். ஆக, மாதா நமக்காக வேண்டுகிறாரா என்பதில் அன்றைக்குப் பெரிய சண்டை இல்லை. நாம் இங்கிருந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும் என்பதற்கு என்ன ஆதாரம், கூப்பிடத்தான் வேண்டுமா என்பதில்தான் சண்டை.

நம் சபை லண்டன் மிஷன் வழி வந்தது, லுத்தரன் இல்லை. ஆனாலும் மயிலாடிக்குப் போய்ப் பார். 1806-ல் அங்கே வந்த மிஷனரி ரிங்கல்தௌபே பெயரையும் அவரை அழைத்துவந்த வேதமாணிக்கம் பெயரையும் கோயிலுக்கே வைத்திருக்கிறோம். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆக்ஸ்பர்க் அறிக்கை சொன்னது இதைத்தான்.

கேட்குமா என்ற கேள்வியில் நான் உன் பக்கத்தில்தான் நிற்கிறேன். "நீங்கள் ஐயரிடம் போய் ஜெபிக்கச் சொல்கிறீர்களே, அதுபோலத்தான்" என்று உன் அத்தான் சொல்வார். நம் சபைப் போதகரான ஐயர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், தலையாட்டுகிறார், சில நேரம் மறந்தும் போகிறார். இறந்தவர்கள் கிறிஸ்துவுக்குள் உயிரோடிருக்கிறார்கள் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் மொழியில் கேட்பது அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? கடவுளுக்குள் இருப்பதால் அவர் வழியாகத் தெரியும் என்பது ஆர்.சி. பதில். அழகான பதில்தான். அதற்கு வசனம் கேட்டால் வெளிப்படுத்தல் 5:8-ஐயும் 2 மக்கபேயர் 15-ம் அதிகாரத்தையும் காட்டுவார்கள். முதலாவதில் மூப்பர்கள் கையில் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் தூபமாக இருக்கின்றன. அவர்களிடம் யாராவது கேட்டதாக அங்கே இல்லை. இரண்டாவதில், இறந்துபோன எரேமியா மக்களுக்காக மன்றாடுவதாக வருகிறது. அந்தப் புத்தகம் மாமியின் 73 புத்தக பைபிளில் உண்டு, நம் 66-ல் இல்லை. பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஆனால் நீ அனுப்பிய வசனம் இந்தக் கேள்விக்கு உள்ளேயே வராது. மத்தியஸ்தர் ஒருவரே என்பதை அவர்களும்தான் சொல்கிறார்கள். 1964-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டில் மாதாவுக்கு ஒரு முழு அதிகாரம் கொடுத்து, அங்கே இதே தீமோத்தேயு வசனத்தைத்தான் எடுத்துப் பேசுகிறது. போதிக்கிறவர்களை, மிகைப்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கவும் செய்கிறது. 2025 நவம்பரில் வத்திக்கான் இன்னும் வெளிப்படையாக, மாதாவை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமில்லை என்று சொல்லிவிட்டது. அதற்கெல்லாம் முன்னால், 1563-ல் திரெந்து சங்கமே புனிதர்களிடம் மன்றாடுவது "நல்லது, பயனுள்ளது" என்றுதான் சொன்னது. அப்படிச் செய்யாவிட்டால் இரட்சிப்பு இல்லை என்று சொல்லவில்லை.

ஏட்டில் உள்ளது வேறு, ஊரில் நடப்பது வேறு என்பாய். அதுவும் உண்மை. எங்கள் பங்குக் கோயிலில் தேருக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூட இயேசுவை ஏந்திச் செல்லும் நற்கருணைப் பவனிக்கு வராது. மாமியே அந்தோணியாரோடு பேரம் பேசுவார். பசு கன்று ஈன்றால் இத்தனை மெழுகுதிரி, தேங்காய் விலை ஏறினால் இன்ன நேர்ச்சை என்று. எனக்கு அது பிடித்ததே இல்லை, அவரிடமே சொல்லியிருக்கிறேன். "உனக்கு என்ன, உங்க கோயில்ல சுவரு மட்டும்தான் இருக்கு" என்று சிரிப்பார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2022 மே 15 அன்று நட்டாலத்துத் தேவசகாயத்தைப் போப் பிரான்சிஸ் புனிதர் என்று அறிவித்தபோது நீ ஸ்டேட்டஸ் வைத்தாய். "நம்ம ஊர்க்காரர்" என்று. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தவர், எனக்கும் பெருமைதான். ஆனால் புனிதர் பட்டம் என்பது என்ன? அவரிடம் மன்றாடியதால் ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடந்தது என்று விசாரித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது கிடைக்கும். இனி உலகமெங்கும் அவரிடம் மன்றாடலாம் என்பதுதான் அந்த அறிவிப்பு. நீ கொண்டாடியதும் வராந்தாவில் உட்கார்ந்து மறுத்ததும் ஒரே காரியம், தம்பி.

அந்த ராத்திரி நீ பார்க்காதது ஒன்று உண்டு. ஜெபமாலையின் நாலாவது பத்து முடிகிற நேரம் மாமிக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது, உதடு மட்டும் அசைந்தது. நான் குனிந்து காதை வைத்தேன். "இயேசுவே" என்றார். இரண்டு தடவை. நீ கேட்டுக்கொண்டது நடந்தது, ஜெபமாலைக்கு நடுவிலேயே.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டில் 30-ம் நாள். சாயங்காலம் ஆறரைக்கு ஜெபம், அப்புறம் கிழங்கும் மீன்கறியும். அருள் நிறைந்த மந்திரம் ஓடும்போது நீ வராந்தாவில் இருந்துகொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இடையில் ஆறு தடவை கர்த்தர் கற்பித்த ஜெபம் வரும். மாமிக்காகப் பழைய பாடத்தில்தான் சொல்லப்போகிறோம். "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று நம்முடையதுபோலவே தொடங்கும். அடுத்த வரியில் "பரிசுத்தப்படுவதாக" என்பதற்கு அவர்கள் "அர்ச்சிக்கப்படுவதாக" என்பார்கள். நீ உன்னுடையதைச் சொல். அந்த ஆறு தடவையும் உள்ளே வந்து, கட்டில் கிடந்த இடத்தில் என் பக்கத்தில் உட்கார்.

அன்புடன்,
அக்கா