சிவப்பும் கறுப்பும்

தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இளைச்சுட்டான்" என்றாள். நான் உன் இடுப்பில் இருந்த பிளையரைத்தான் பார்த்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ போன எட்டு மாதமாக, கேட்டவர்களிடமெல்லாம் உன்னைக் கம்பெனி ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு மாற்றியிருக்கிறது என்றே சொல்லிவந்தேன். பதினெட்டு வருடம் ஐ.டி.யில் இருந்தவன், 43 வயதில் மனைவியின் நர்ஸ் விசாவில் போய், நான்கு வருட எலக்ட்ரிஷியன் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் 31 வருடம் வயர் இழுத்தவன் நான். நீ அதைத் தொடக்கூடாது என்றுதானே அத்தனை ஓவர்டைம் பார்த்தேன்?

பங்குனி உத்திரத்தன்று ஈசூன் கோயிலில் என் பழைய சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். "மகன் அங்கே எந்தக் கம்பெனி?" பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "அங்கே வயர் நிறம் இன்னும் சிவப்பு, கறுப்புதானா?" என்றார். அரை மணி நேரம் அதையே பேசினோம். இலையில் சோறு ஆறிப்போனது.

அதனால் கேட்டுக்கொள். இங்கே பழைய முறையில் கறுப்பு என்றால் நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போகிற வயர். 2009இல் நிறங்களை மாற்றினார்கள். இப்போது கரண்ட் கொண்டுவருகிற மூன்று ஃபேஸ் வயருக்குப் பழுப்பு, கறுப்பு, சாம்பல். அதாவது கறுப்பும் இப்போது லைவ் வயர். அங்கே வீட்டு வயரிங்கில் கறுப்பு நியூட்ரல்தான், ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்த மெஷினைத் திறந்தால் உள்ளே கதை வேறு. மெயினை அணைத்திருந்தாலும் டெஸ்டர் வைக்காமல் தொடாதே. அந்த டெஸ்டரையும் முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள். செத்த டெஸ்டரை நம்பிக் கை சுட்டவன் சொல்கிறேன்.

பொங்கோல் வீட்டை வாடகைக்கு விட்டது சரி. மத்திய சேமநிதிப் பணம் 55 வயது வரை கிடக்கட்டும். சிவப்புப் பாஸ்போர்ட் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. இங்கே இரட்டைக் குடியுரிமை கிடையாது, விட்டால் விட்டதுதான்.

உனக்கும் எங்களுக்கும் ஒரே மணிதான், அப்புறம் ஏன் போன் பண்ண நேரமில்லை என்கிறாய்? டிசம்பரில் வருகிறோம். அம்மா கறிவேப்பிலை கொண்டுவருவேன் என்று நிற்கிறாள். ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்றால் நம்பவில்லை, நீயே சொல்.

வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற, கைப்பிடி சுற்றுகிற என் பழைய மெகர் அலமாரியில் இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன். எடுத்துவரட்டுமா?

அப்பா