18 போட்டு வரைஞ்ச அடுக்களை

மக்கா,

உனக்க பைலும் போட்டோவும் வந்து சேந்துது. பதில் தள்ளிப்போனதுக்கு ஏசுவன்னு தெரியும், ஏசிக்க. இங்க எல்லாரும் சுகம். அத்தைக்க முட்டுவலி எப்படி இருக்குன்னு இந்தத் தடவையாவது எழுது. கம்ப்யூட்டர் படத்தைப் பாத்துத் தானா பலகை வெட்டுற சி.என்.சி. ரவுட்டர் மெஷின் எறங்கின அன்னிக்கு, எதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிற குலசேகரத்துக்காரன் வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போனானாமே. அவன் வாய் திறக்கலன்னா மெஷின் நல்ல மெஷின்தான், சந்தேகமே வேண்டாம்.

விஷயத்துக்கு வாறேன். குளச்சல் வீட்டு அடுக்களைப் படத்தை ஒண்ணு விடாம திறந்து பாத்தேன். அளவெல்லாம் நல்லா யோசிச்சிருக்க. 720 உயரப் பெட்டி, அடியில 100 மி.மீ. பி.வி.சி. கால், மேல கிரானைட். அந்த அம்மாவுக்கு நின்னு அரிய வசதியா இருக்கும். ஆனா வியாழக்கிழமை வெட்டப் போறேன்னு எழுதியிருக்கியே, வெட்டாத. ஒரு ஷீட்டுகூட பெட்ல, அந்த மெஷின் மேசையில, ஏத்தாத. பெட்டி பெட்டியா, காடி காடியா (ஒரு பலகை இன்னொண்ணுல செருகுற பள்ளம்) எல்லா இடத்துலயும் பலகைத் தடிப்பு 18 மி.மீ.ன்னு கையால அடிச்சு வச்சிருக்க. ஆறடி ஸ்கேல்காரன் இன்னும் மாறலையே மக்கா!

நீ வாங்கியிருக்கது ஐ.எஸ். 710 தர மெரைன் பிளை, தண்ணி தாங்குற பிளைவுட். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பலகைக்கே தடிப்பு 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்க அனுமதி உண்டு. அப்போ 18ன்னு விக்கிறது 17.1ல இருந்து 18.9 வரை எங்க வேணும்னாலும் நிக்கலாம். பெரும்பாவூர்ல இருந்து வாற பலகை ஒரே பேர்ல வந்தாலும் லோடுக்கு லோடு மாறும். அது போக, நீ முழு ஷீட்டுக்கும் மைக்கா ஒட்டி, பிரஸ்ல வச்சு எடுத்துட்டுத்தான் வெட்டப் போற. அது சரியான முறைதான். ரெண்டு பக்கமும் ஒட்டுறதும் சரி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா பலகை வளைஞ்சுக்கும். ஆனா கணக்கைப் பாரு. பிளை 17.3, வெளிப்பக்க மைக்கா 1, உள்பக்க லைனர் (மெல்லிய மைக்கா) 0.8, பசை ஒரு 0.1. மெஷினுக்குள்ள போறது 19.2 மி.மீ. பலகை. படத்துல காடி 18. பலகை காடிக்குள்ள எறங்கவே எறங்காது.

உளி போட்டு அகட்டி இறக்கிருவோம்னு உங்க பையம்மாரு சொல்லுவானுவ. இறக்கினாலும் தீராது. நீ அடிப்பலகையை 580 நீளம் வச்சிருக்க: வெளி அகலம் 600, ரெண்டு பக்கமும் 18 கழிச்சு, 8 ஆழக் காடிக்கு ரெண்டு பக்கமும் 8 கூட்டி. மேல்பரப்புல இருந்து 8 தோண்டினா, 19.2 பலகையில காடிக்கு அடியில 11.2 மிச்சம் நிக்கும். 580 கூட ரெண்டு 11.2 சேந்தா 602.4. ஒரு பெட்டிக்கு 2.4தானேன்னு தோணும். அந்த நீளச் சுவர்ல அஞ்சு பெட்டி வரிசையா வச்சிருக்க, 12 மி.மீ. கூடும். பிரிட்ஜுக்கு விட்ட எடம் சுருங்கும், கிரானைட்காரன் எடுத்த அளவு பொய்யாகும், கடைசிப் பெட்டியை இழைக்க வேண்டி வரும். மைக்கா ஒட்டின பெட்டியை எங்க இழைப்ப?

இதுக்கு ரெண்டு வைத்தியம் இருக்கு, ரெண்டையும் சேத்துச் செய்யணும்.

முதல்ல படம். ஸ்கெட்சப் சாஃப்ட்வேர்ல பெட்டி பெட்டியா நகல் எடுத்து இழுக்கிறத விடு. பியூஷன்ங்கிற சாஃப்ட்வேர்ல பேராமீட்டர் பட்டியல் இருக்கு, அளவுக்குப் பேர் வச்சு ஒரே எடத்துல மாத்திக்கலாம். அதுல தடிப்பு, பின்பலகை, எட்ஜ் (ஓரத்துல ஒட்டுற பட்டி), காடி இடைவெளின்னு நாலு பேர் போட்டு, பெட்டி முழுசும் அந்தப் பேரை வச்சே வரை. காடி அகலம்னா தடிப்பு கூட்டல் 0.2. உள் அகலம்னா வெளி அகலத்துல ரெண்டு தடிப்பு கழிக்கணும். டிராயர் பெட்டி வெளி அகலம்னா உள் அகலத்துல 26 கழிக்கணும், டிராயர் ஓடுற டெலஸ்கோப்பிக் சேனல் பக்கத்துக்கு 12.7 கேக்கும், மிச்சம் கொஞ்சம் மூச்சு விட. உனக்க படத்துல டிராயர் 538. 19.2 பலகையில உள் அகலம் 561.6, அப்போ டிராயர் 535.6தான் இருக்கணும். 538 போட்டா சேனல் இறுகும், பெட்டியும் பிதுங்கும். பேராமீட்டர் இருந்தா 19.2ன்னு ஒரு எடத்துல மாத்தினா அடுக்களை முழுசும் தன்னால திருந்திக்கும். அடுத்த லோடு 19.5 வந்தாலும் திரும்ப வரைய வேண்டாம்.

ரெண்டாவது, எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி. இசட் ஜீரோவை, அதாவது உயரத்தை மெஷின் அளக்கத் தொடங்குற எடத்தை, பலகைக்க மேல வைக்காத, பெட்ல வை. பக்கப்பலகையோட வெளிமுகம் கீழ, உள்முகம் மேல. காடியை மேலே இருந்து 8 ஆழம்னு சொல்லாம, பெட்ல இருந்து 10 உயரத்துல நிறுத்துன்னு சொல்லு. இப்போ பலகை 17.8 ஆனாலும் 19.5 ஆனாலும் காடிக்கு அடியில நிக்கது எப்பவும் 10. 580 கூட ரெண்டு பத்து, 600. நீ வச்ச 580 அப்படியே சரியாகிப் போச்சு, பாத்தியா! தடிப்புல வாற வித்தியாசம் எல்லாம் காடியோட ஆழத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், வெளி அளவுக்கு வராது. பசைக்கு எடம் வேணும்னா 10ஐ 9.9 ஆக்கு, போதும். முழுசா அறுக்கிற வெட்டுக்கும் இதுதான் லாபம். பெட்டுக்குள்ள 0.15 எறங்குன்னு சொன்னா எல்லா எடத்துலயும் அதேதான் எறங்கும். அறுபடாம நார் தொங்காது, பெட்ல விரிச்சு வெட்டு வாங்கிக்கிற ஸ்பாயில்போர்டும் குழி விழாது.

ஆனா இது பெட் மட்டமா இருந்தா மட்டும்தான் நடக்கும். நம்ம ஊர் ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் எம்.டி.எஃப். ஸ்பாயில்போர்டை சும்மா விடாது, குடிச்சுக் குடிச்சு உப்பும். வேலை தொடங்குறதுக்கு முன்னால மேல்பரப்பைச் சீவுற பெரிய சர்ஃபேஸிங் பிட் போட்டு 0.2, 0.3 சீவி எடு, அப்புறம் பிட்டைப் பெட்ல தொட வச்சு இசட் குறி. ரெண்டு முகத்தையும் சீவினாத்தான் பலகையைப் பிடிச்சு வைக்கிற வாக்குவம் அதுக்குள்ள வழியா இழுக்கும். நாலு ஓரத்தையும் பெயிண்ட் அடிச்சு அடைச்சிரு, இல்லன்னா காத்து பக்கவாட்டுல ஓடிரும்.

அளக்கிறதும் ஒரு முறை இருக்கு. தடிப்பு அளக்கிற வெர்னியரை ஒரு மூலையில வச்சுப் பாத்துட்டு எழுதிராத. ஷீட்டுக்க நாலு மூலை, நாலு பக்கத்து நடு, எட்டு எடம். ஷீட் கட்டுல மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு இப்படி அள. வெர்னியர் தாடை நல்லா உள்ள போய் மைக்காவுல படியணும். விளிம்புல பசை பிதுங்கிக் காஞ்சிருந்தா 0.2 பொய் சொல்லும், சுரண்டிட்டு அள. அளந்ததுல எது பெருசோ அதுதான் காடிக்கு. பிறகு அதே பலகையில துண்டு ஒண்ணு எடுத்து 19.2, 19.4, 19.6ன்னு மூணு காடி வெட்டி, இன்னொரு துண்டைச் செருகிப் பாரு. கையால அழுத்தினா எறங்கணும், தலைகீழாப் பிடிச்சா விழக்கூடாது. சுத்தியல் கேக்குற காடிக்குள்ள பசை நிக்காது, எல்லாத்தையும் வழிச்சு வெளிய தள்ளிரும்.

பின்பலகைக் காடியையும் 6ன்னு போட்டிருக்க. 6ன்னு விக்கிற பிளை 5.75 இருந்தாக்கூட, ஒரு பக்க லைனர் 0.8, பசை 0.05 சேந்து 6.6 வரும், காடி 6.8 வேணும். அதுக்கு 6 பிட் ஒரே ஓட்டத்துல போதாது. 5 மி.மீ. டவுன்கட் பிட் (கீழ நோக்கி அழுத்தி வெட்டுறது) போட்டு ரெண்டு ஓட்டமா எடு. உனக்க மெஷின் தானா பிட் மாத்தாது, அதனால பிட் கணக்கைக் குறைக்கிறதுதான் புத்தி. அந்த 5 பிட்லயே பின்காடி, அடிக்காடி, ஷெல்ஃப் ஓட்டை, ஹிஞ்சுக்க 35 குழி எல்லாத்தையும் முடிச்சிரலாம். குழி ஆழம் 12.5. அப்புறம் ஒரே ஒரு தடவை 6 கம்ப்ரஷன் பிட்டுக்கு மாத்தி வெளிக்கோடு. மாத்தினதும் இசட்டை பெட்ல திரும்பத் தொடணும், பையம்மாருகிட்ட அடிச்சுச் சொல்லு. ஹிஞ்சுக்குன்னு கடையில விக்கிற 35 துளைப் பிட்டை மட்டும் ஸ்பிண்டில்ல, பிட்டைச் சுத்துற மோட்டார்ல, மாட்டவே விடாத. அது குறைஞ்ச வேகத்துக்குச் செஞ்சது, நிமிஷத்துக்கு 18,000 சுத்துல அது பறந்தா ஆளைக் கொல்லும்.

கம்ப்ரஷன் பிட் பத்திக் கேட்டிருந்த. அதோட அடிப்பாகத்துப் பல் மேல நோக்கி இழுக்கும், மேல்பாகத்துப் பல் கீழ அழுத்தும். ரெண்டு பக்க மைக்காவும் சிதறாம வாறது அதனாலதான். அடிப்பல் நீளம் பொதுவா 5, 6 மி.மீ. இருக்கும். முதல் ஓட்டம் அதைவிட ஆழமா எறங்கணும், குறைஞ்சா மேல் மைக்கா பல்லுப் பல்லா தெறிச்சிரும். ஒரே மூச்சுல 19 எறக்க மெஷின் திணறுதுன்னா முதல்ல 10 எறக்கு, அடுத்து அடியில 0.4 தோல் விட்டுட்டு எறக்கு, கடைசி ஓட்டத்துல தோலை அறு. சின்னத் துண்டை வாக்குவம் பிடிச்சு நிக்காது, அந்தத் தோல்தான் பிடிச்சுக்கும். நெஸ்டிங்ல, ஷீட்ல துண்டுகளை அடுக்குறப்போ, சின்னத் துண்டை எல்லாம் ஷீட்டுக்க நடுவுல தள்ளு, பெரிய பலகை ஓரத்துல. ஷட்டர் (பெட்டிக் கதவு) மைக்காவுல மர ரேகை இருக்கு, சுழற்றுற வசதியை அணைச்சிரு. இல்லன்னா சாஃப்ட்வேர் பலகை மிச்சம் பிடிக்கிறேன்னு ஒரு ஷட்டரைக் குறுக்கால படுக்க வச்சிரும்.

பிட் நகர்ற வேகம் நிமிஷத்துக்கு 2,000 மி.மீ. வச்சிருக்க. பயந்து வச்சது அது. 18,000 சுத்து, ரெண்டு பல், பல்லுக்கு 0.15 சீவல்னா நிமிஷத்துக்கு 5,400 மி.மீ. நீ வச்ச 2,000ல பல்லுக்கு 0.055தான் வருது, அது மரத்தை வெட்டாது, தேய்க்கும். தூளைக் கையில எடுத்துப் பாரு. விரல்ல உருட்டினா சின்னச் சின்னச் செதிலா தட்டுப்படணும். முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி வழுக்கினா பிட் வெந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், கொஞ்ச நேரத்துல விளிம்பு கறுக்கத் தொடங்கும். வேகத்தைக் கூட்டு, இல்ல சுத்தைக் குறை.

எட்ஜ் பேண்டையும் விட்டுட்ட. ஷட்டர் 597க்கு 717 சரி, ஆனா நாலு பக்கமும் 2 மி.மீ. பேண்ட் ஒட்டுறன்னா வெட்டு அளவு 593க்கு 713. ஹிஞ்ச் குழி மையம் முடிஞ்ச ஓரத்துல இருந்து 22.5 வேணும், வெட்டும்போது 20.5. பெட்டி முகப்புக்கு 0.8 பேண்ட், அப்போ முகப்பு ஓரத்துல இருந்து 37ல வர வேண்டிய ஓட்டை வெட்டும்போது 36.2. இதுக்குத்தான் எட்ஜையும் பேராமீட்டர்ல போடச் சொன்னேன். கடலுக்கு அவ்வளவு பக்கத்துல வீடு, ஹிஞ்ச் 304 ஸ்டெயின்லெஸ் வாங்கு, அதுல கஞ்சத்தனம் வேண்டாம். பேண்ட் ஒட்டாத பின் ஓரத்தையும் சீலர் அடிச்சு மூடிரு.

ஒரு காரியம் மனசைப் போட்டு அரிக்குது. மெஷின் வந்தாச்சு, இனி பெரியாசாரி வேண்டாம்னு உங்க அத்தான் சொன்னதா எழுதியிருந்த. அதைக் கேக்காத மக்கா. மெஷின் 600ன்னா 600 வெட்டும், சுவர் 600 இருக்காது. அந்த மூலை மட்டத்துல நிக்காது, பூச்சு வயிறு தள்ளி நிக்கும், தரை ஓட்டம் ஒரு பக்கம் சாயும். ரெண்டு ஓரத்துலயும் சுவர் இடைவெளியை மூடுற 25 மி.மீ. ஃபில்லர் பட்டை விட்டு, அதைச் சுவருக்குத் தக்க கோடு போட்டு இழைச்சுப் பொருத்த அவர் கைதான் வேணும். வளைஞ்ச பலகையைக் கண்ணால பாத்து ஒதுக்கவும் அவர்தான். சம்பளம் குறைக்கணும்னா வேற எங்கயாவது குறை.

இன்னொண்ணு, தூசி. தூசி உறிஞ்சுற கலெக்டர் மெஷின் ஓடாம ஒரு ஷீட்டும் வெட்டாத. எம்.டி.எஃப். தூசி கண்ணுக்குத் தெரியாம நெஞ்சுல போய் உக்காரும். பையம்மாருக்குத் துணி மாஸ்க் பத்தாது, என்95 வாங்கிக் கொடு. கரண்ட் போய் வந்தா நிறுத்தின எடத்துல இருந்து ஓட்ட விடாத, ஹோம் அடிச்சு, மெஷினை அதோட தொடக்க எடத்துக்குக் கொண்டு போயிட்டுத்தான் தொடங்கணும். ஸ்பிண்டில் சுத்தும்போது துண்டை எடுக்கக் கை நீட்டுறவனை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பு.

முதல்ல ஒரே ஒரு டிராயர் பெட்டியை மட்டும் வெட்டி, பூட்டி, சேனல் மாட்டி ஓட்டிப் பாரு. அது சரியா வந்தா மிச்சம் எல்லாம் வரும். எட்டு எடத்து அளவையும் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு, பேராமீட்டர் பட்டியலை நான் போட்டுத் தாறேன்.

அன்போட,
நான்தான்

பி.கு.: சிலிண்டர் வைக்கிற பெட்டி ஷட்டர்ல காத்தோட்டத்துக்கு மேல மட்டும் கீறல் போட்டிருக்க. கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையிலதான் தங்கும். அடியிலயும் போடு, பெட்டி அடிப்பலகையிலயும் போடு. ரெகுலேட்டர் மாட்டின உயரத்தையும் அந்த வீட்டுல போய் நேர்ல அளந்துக்க.