உல்லன் பந்தை மட்டும் கேட்காதே

தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். சம்பா கதிர் வாங்கிவிட்டது, தை பிறந்ததும் அறுப்பு வைக்கலாம் என்கிறார் அப்பா. போனில் பேசலாம் என்றால் பாதியில் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

ட்ரங்குப் பெட்டியில் இருப்பதை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நல்ல விலைக்குக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், எதைத் தரமாட்டீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருந்தாய். மூன்று நாள் மத்தியானம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

1982 டெல்லி ஆசியப் போட்டிக்கு வந்த தபால்தலைகளைக் கொடுத்துவிடலாம். சேப்பாக்கம் கிரிக்கெட் டிக்கெட் உன் மாமாவுடையது. 1986 செப்டம்பர் 22, ஆஸ்திரேலியாவும் நாமும் ஒரே ரன்னில் முடித்து டை ஆன டெஸ்ட்டின் கடைசி நாள். நாம் 348 எடுத்தால் வெற்றி, 347-ல் மணீந்தர் சிங் அவுட், அதற்கப்புறம் ஒரே ஒரு பந்துதான் பாக்கி. டெஸ்ட் வரலாற்றிலேயே அப்படி முடிந்த இரண்டாவது ஆட்டம் அது, முதலாவது 1960-ல் பிரிஸ்பேனில். மாமா இங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பொங்கலுக்குச் சீரோடு சேர்த்து அந்தத் துண்டுச் சீட்டையும் என் கையில் கொடுத்தார். நீ சொன்ன நல்ல விலை அதற்குத்தான் என்று தெரியும். மாமாவிடம் ஒரு வார்த்தை கேள். அவர் சரி என்றால் எனக்கும் சரி.

உஷா படம் போட்ட பத்திரிகைத் துண்டுகளைக் கேட்டாய். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் கைவிட்டுப் போனதே, அந்த வாரத்துத் துண்டுகள். பி.டி. டீச்சராக இருந்த காலமெல்லாம் அதைக் காட்டித்தான் பிள்ளைகளை ஓடவிட்டேன். அவை இப்போது இல்லை. கஜா புயல் அன்றைக்கு ஓடு பறந்து பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. 2018 நவம்பர் 16, விடிந்து பார்த்தால் கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. காகிதம் எல்லாம் கூழாகக் கிடந்தது. டிக்கெட்டும் தபால்தலைகளும் மட்டும் அப்பாவின் எல்.ஐ.சி. உறைக்குள் இருந்ததால் தப்பின. நாலு நாள் உனக்குப் போன் போகாமல் நீ தவித்த நாட்கள் அவை. நான் பெட்டிக்குள் முதலில் தேடியது ஹார்லிக்ஸ் பாட்டிலைத்தான். மூடி இறுக்கமாக இருந்தது, உள்ளே சொட்டு ஈரம் இல்லை.

அந்தப் பாட்டிலுக்குள் இருக்கிற மஞ்சள் உல்லன் பந்துதான் நான் தரமாட்டேன் என்பது.

சின்ன வயதில் நீ பார்த்திருப்பாய், என்னவென்று கேட்டதில்லை. அது பூப்பந்து ஆடுகிற பந்து. பூப்பந்து நம் ஊர் ஆட்டம் தம்பி. 1856-லேயே தஞ்சாவூர் அரண்மனைக்காரர்கள் ஆடினார்கள் என்று விளையாட்டுப் புத்தகங்களில் இருக்கும். இறகுப்பந்து வேறு, இது வேறு. பந்து 27லிருந்து 30 கிராம் எடை, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டருக்கு 12 மீட்டர் மண்தரை. சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு வெட்டவெளியில் ஆடுவது. காற்றடித்தாலும் ஆடலாம். மழை தூறினால் மட்டும் நிறுத்திவிட வேண்டும். உல்லன் நனைந்தால் பந்து கனத்துப்போகும்.

நான் ஒன்பதாவது படித்தபோது நூல் பிரிந்த பந்து ஒன்றை டீச்சர் எனக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கே நாலைந்து பந்துதான். சாயங்காலம் நெல் வைக்கிற அறையின் வெளிச்சுவரில் அடித்துப் பழகுவேன். உன் அம்மாச்சிக்கு அது துளியும் பிடிக்காது. வயசுக்கு வந்த பிள்ளை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுவதா என்பார். மட்டையை அடுப்பில் வைத்துவிடுவேன் என்று ஒருநாள் சொல்லவும் சொன்னார்.

ஆடி மாதம். மேட்டூர் திறந்து நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்த வாரம். சுவரில் பட்ட பந்து தெறித்து வாய்க்காலில் விழுந்துவிட்டது. மதகுக்கிட்டே குதித்து எடுத்தேன். சேற்றுத் தண்ணீர் குடித்து ஊறி, மேல் நூல் வட்ட வட்டமாகக் கழன்று தொங்கியது. திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அம்மாச்சி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் பைக்கட்டின் மேல் பந்து இருந்தது. அடுப்போரம் காய வைத்து, கோணி ஊசியால் நூலை இறுக்கிச் சுற்றித் தைத்திருந்தார். பழைய நூல் வெளுத்துப்போன மஞ்சள், புது நூல் பச்சை மஞ்சள் கிழங்கை உடைத்தால் தெரியுமே அந்த நிறம். நடுவில் ஒட்டியாணம் போட்ட மாதிரி இரண்டு விரல் அகலத்துக்கு ஓடுகிறது. தையல் முடிகிற இடத்தில் சின்ன முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் என் கட்டைவிரல் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

நூல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் கிளம்பும்போது நிலைப்படியில் பார்த்தேன். பெரியம்மா கல்யாணத்துக்காக அம்மாச்சியே பின்னிய உல்லன் தோரணத்தில் ஒரு குஞ்சம் குறைந்திருந்தது. அந்தத் தோரணம் அப்படியே, அந்த இடம் காலியாக, அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் தொங்கியது. வருகிறவர்கள் கேட்டால் எலி இழுத்துவிட்டது என்பார்.

தைத்த பந்து கொஞ்சம் இடதுபக்கம் இழுக்கும். அதனால் கடைசி வரை கண்ணை எடுக்காமல் பார்த்து அடிக்க வேண்டும். ஒரு வருஷம் அதோடு பழகியதில் நல்ல பந்து எனக்கு ரொம்ப லேசாகிவிட்டது. பத்தாவதில் மாவட்ட டீமில் எடுத்தார்கள். அப்போது நாகை, திருவாரூர் எல்லாம் சேர்ந்து ஒரே தஞ்சாவூர் மாவட்டம். அந்த ஆட்டத்தால்தான் பி.டி. டிரெய்னிங், அந்த வேலையால்தான் உன் படிப்பு. அம்மாச்சி ஒரு ஆட்டம்கூட வந்து பார்க்கவில்லை. பந்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதும் இல்லை. இப்போது நினைத்தால் கேட்டிருக்கலாம் என்று இருக்கிறது.

அம்மாச்சி கை பட்டதாக என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். பூச்சி அரிக்காமல் வசம்பைத் துணியில் முடிந்து கூடவே போட்டு வைக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை பங்குனி வெயிலில் முறத்தில் வைத்து ஒருமணி நேரம் காட்டுவேன். எனக்கப்புறமும் அப்படியே செய்யச் சொல்லி அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் தெரிந்துகொள்.

பொங்கலுக்கு வரும்போது பாப்பா கையில் கொடுத்துக் காட்டுகிறேன். கையை நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடட்டும். அவள் ஆட புதுப் பந்து இரண்டு தஞ்சாவூரிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன், களத்து மேட்டில் கம்பு நட்டு வலை கட்ட ஆளும் சொல்லியாயிற்று. அங்கே கடையில் மட்டை வாங்கிவிடாதே. அது இறகுப்பந்து மட்டையாக இருக்கும், இந்தப் பந்தின் அடியைத் தாங்காது. என்னுடையதையே நரம்பு மாற்றக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா