செயலாளரின் ஆண்டறிக்கை: வீடிழந்த குடும்பங்களுக்கான தங்குமிடப் பணி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு மாதம் தவறாமல் கூடியது. ஆள் சேராமல் ஒரு கூட்டம்கூடத் தள்ளிப்போகவில்லை. போன வருடம் இதே இடத்தில் நின்று வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது, அதனால் இதைக் குறிப்பிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். நான் நேராகத் தங்குமிட விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இத்தனை வருடமும் எத்தனை பேருக்கு இடம் கொடுத்தோம் என்ற கணக்கைத்தான் அறிக்கையில் பெருமையாகப் போட்டுவந்தோம். கூடம் நிரம்பினால் சங்கம் நன்றாக நடக்கிறது என்று நினைப்பு. இந்த முறை பதிவேட்டைப் புரட்டியபோது, போன பெயர்களே மறுபடி வந்திருப்பதைப் பார்த்தோம். உள்ளே வந்தவர்களை எண்ணிய நாம், ஒரு வீட்டுச் சாவியோடு வெளியே போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவே இல்லை. அதற்கென்று பதிவேட்டில் ஒரு பத்திகூடக் கிடையாது.

பேரிடர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் குவரன்டெல்லி, வீடிழந்தவர்களின் இருப்பிடத்தை நான்காகப் பிரித்தார்: அவசரத் தஞ்சம், தற்காலிகத் தஞ்சம், தற்காலிக வீடு, நிரந்தர வீடு. தஞ்சத்தில் அன்றாட வாழ்க்கை நின்றுபோயிருக்கும். வீட்டில்தான் சமையல், வேலை, பள்ளி எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கும். நாம் முதல் இரண்டோடு நின்றுவிட்டு, மூன்றாவதையும் செய்வதாக நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அளவு நாடாவை எடுத்தோம். தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் சேர்ந்து 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டத்தின் கையேடு குறைந்தபட்ச அளவுகளைத் தருகிறது. ஆளுக்குக் கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டர். இதில் சமைக்கும் இடமும் குளிக்கும் இடமும் சேராது. அதாவது 210 சதுர மீட்டர் கூடம் என்றால் 60 பேர்தான். தண்ணீர் ஒரு நாளைக்கு ஆளுக்கு 15 லிட்டர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை, அதிலும் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. நம் கூடத்தில் பாய்க்கும் பாய்க்கும் நடுவே கால் வைக்க இடம் இருந்ததா என்று இரவுப் பணியில் இருந்தவர்களைக் கேளுங்கள். கழிப்பறைகளை இரு பக்கமும் சமமாகப் பிரித்துவிட்டு, அதுதான் நியாயம் என்று நாமே சொல்லிக்கொண்டோம். விடியற்காலை வரிசை எந்தப் பக்கம் நீண்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது படுக்கை இடத்தைக் குறைத்திருக்கிறோம். குடும்பத்துக்குக் குடும்பம் திரைத் தடுப்பு உண்டு. கழிப்பறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாளும், போகும் வழிக்கு விளக்கும் போட்டாயிற்று. ஆளைத் திருப்பி அனுப்புவதா என்று செயற்குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. திருப்பி அனுப்பவில்லை, இடம் இருக்கும் வேறு தங்குமிடத்துக்குப் பேசிவிட்டுத்தான் அனுப்புகிறோம். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பு படுக்கைக்கு ஒரு மேசை, மருத்துவத்துக்கு ஒன்று, பள்ளிச் சேர்க்கைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். "மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டபிறகுதான் நமக்கு உறைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மனநல முதலுதவி வழிகாட்டி பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணை என்று மூன்றே படிகள் சொல்கிறது. நடந்ததைச் சொல்லச் சொல்லி நெருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. நாம் உதவி என்ற பெயரில் நெருக்கிக்கொண்டிருந்தோம். இப்போது ஒரே மேசை, ஒரே படிவம். யாரிடம் அதைக் காட்டலாம் என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்கிறது.

படிவத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் அட்டை கொடுத்தோம். கணவர் கோபித்துக்கொண்டு அட்டையோடு போய்விட, மனைவியும் பிள்ளைகளும் நம் பட்டியலிலேயே இல்லாமல் போனார்கள். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998இல் ஐநாவில் வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளில் 20ஆவது, பெண்களுக்கும் அவரவர் பெயரிலேயே ஆவணம் பெற உரிமை உண்டு என்கிறது. அரசுகளுக்குச் சொன்னதுதான், ஆனால் நமக்கும் பொருந்தும். வயதுவந்த ஒவ்வொருவருக்கும் இனி தனி அட்டை.

சாவி ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டுப் பார்த்தோம். பெரும்பாலும் காகிதம்தான். அடையாளச் சான்று இல்லாமல் வாடகை ஒப்பந்தம் இல்லை, முகவரி இல்லாமல் அடையாளச் சான்று இல்லை. ஓர் அலுவலகத்தில் தங்குமிட முகவரி செல்லாது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவை நம் கடிதத்தோடு ஆளும் கூடப் போனார், வேலை நடந்தது. ஆகவே கூடப் போவதற்கென்றே ஒரு தொண்டர் குழு வைத்திருக்கிறோம். அடுத்த தடை முன்பணம். அதற்கான கைமாற்று நிதியைப் பற்றிப் பொருளாளர் சொல்வார்.

உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களை நாம் இதுவரை கணக்கில் கொண்டதே இல்லை. முதல் வாரம் பிரியமாகப் போகும். பிறகு இரண்டு வீட்டாரும் நொந்து, ஒரு ராத்திரியில் மூட்டையோடு நம் வாசலுக்கு வருவார்கள். அந்த ராத்திரிக்கு முன்பே போய்ப் பார்த்தால் படுக்கையே தேவைப்படாது. இதை இன்னும் தொடங்கவில்லை.

உடைகள் பற்றி ஒரே வார்த்தை: போதும். ஒற்றைச் செருப்பையும் கிழிந்த பையையும் பிரித்து வைக்கவே தொண்டர்களின் நேரம் போகிறது. தர நினைப்பவர்கள் முதலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள், முடிந்தால் பணமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது படம் எடுப்பதையும் இந்த ஆண்டு நிறுத்தியிருக்கிறோம். சிலருக்கு வருத்தம்தான், சரி.

பதிவேட்டில் "போன இடம்" என்று புதிய பத்தி சேர்த்தாயிற்று. வெளியேறி மூன்று மாதம் கழித்து ஒருமுறை விசாரிக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இரவுப் பணிக்கும் கழிப்பறை சுத்தத்துக்கும் முகம் சுளிக்காமல் வந்தவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. அந்த இரண்டு பட்டியலிலும் இன்னும் இடம் காலியாக இருக்கிறது, தாள் வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன்.

இந்த அறிக்கையை ஏற்று, புதிய பத்திக்கும் தனி அட்டைக்கும் ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்