முகவுரையை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நவம்பர் 26 அரசமைப்புச் சட்ட நாள். அன்று காலை வணக்கக் கூட்டத்தில் 8 முதல் 10-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அரசமைப்பின் முகவுரையை வாசிப்பார்கள். புத்தகத்தைப் பார்த்தே வாசிக்கலாம். எனவே வீட்டில் மனப்பாடம் செய்யச் சொல்லி உட்கார வைக்க வேண்டாம். அதில் வரும் சொற்களைப் பற்றிப் பேசுங்கள், அது போதும்.

விடைத்தாள்களில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது 'மக்களாட்சி', 'குடியரசு' என்ற இரண்டில்தான். இரண்டுக்கும் ஒரே விளக்கத்தை எழுதி மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். ஆள்வோரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது மக்களாட்சி. நாட்டின் தலைமைப் பதவி பரம்பரையாக வராமல் தேர்தல் வழியாக வருவது குடியரசு. இங்கிலாந்தில் தேர்தலும் உண்டு, நாடாளுமன்றமும் உண்டு. அரியணை மட்டும் வாரிசுக்குப் போகிறது. ஆகவே அது மக்களாட்சி நாடு, குடியரசு அல்ல.

'சமதர்ம', 'சமயச்சார்பற்ற' என்ற சொற்கள் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் சேர்ந்தவை. அதற்கு முன் சமய உரிமையே இல்லை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். சமய உரிமை தரும் பிரிவு 25 முதல் 28 வரை அரசமைப்பில் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன.

சமத்துவத்துக்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். 'எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது பாதி விடைதான். டீக்கடையில் சாதி பார்த்துத் தனி டம்ளர் வைத்தால் அது பிரிவு 17 ஒழித்த தீண்டாமை. கடை, உணவகம், பொதுக் கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது பிரிவு 15(2). இது அரசை மட்டுமல்ல, கடைக்காரரையும் கட்டுப்படுத்தும். "அப்படியானால் இடஒதுக்கீடு எப்படிச் சரி?" என்று பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள், நல்ல கேள்வி அது. சாதி, மத வாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951-இல் சண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு வந்த முதல் திருத்தம், சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று பிரிவு 15(4)-ஐச் சேர்த்தது. ஏற்றத்தாழ்வோடு நிற்பவர்களை ஒரே கோட்டிலிருந்து ஓடச் சொன்னால் அது சமத்துவமாகாது என்பதே இதன் பொருள்.

அரசமைப்பின் மூன்றாம் பகுதியிலுள்ள அடிப்படை உரிமைகள் மீறப்பட்டால் நீதிமன்றம் போகலாம். நான்காம் பகுதியிலுள்ள, அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைக் கோட்பாடுகளுக்காக அப்படிப் போக முடியாது. கல்வி முதலில் நான்காம் பகுதியில், பிரிவு 45-இல்தான் இருந்தது. 2002-இல் 86-ஆவது திருத்தம் அதைப் பிரிவு 21அ என்ற உரிமையாக்கியது. அதே திருத்தம் உங்களுக்கும் ஒரு கடமை வைத்தது: 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிக்க வேண்டியது பெற்றோர் அல்லது பாதுகாவலர். பதினொரு அடிப்படைக் கடமைகளில் கடைசியாகச் சேர்ந்தது இது.

அறுவடை, திருவிழா என்று நவம்பர் கடைசி வாரத்தில் விடுப்பு எழுதித் தருபவர்கள் இதைப் பிள்ளையோடு சேர்ந்து ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள். வாசிப்பின்போது பெற்றோரும் வந்து நிற்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்