ஜே கூல்டின் வாழ்க்கையை முழுதாக அச்சிடுங்கள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாதனையாளர் வரலாறுகளைச் சிறுவர்களுக்காக வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் எங்கள் ஊர்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். உங்களில் ஒருவர் வெளியிட்ட நூலைப் படித்துவிட்டு வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, அமெரிக்க ரயில் முதலாளி ஜே கூல்டைப் பற்றி அழகாகப் பேசினாள். மாடு ஓட்டிய சிறுவன் எந்த வழியில் அவ்வளவு பணம் சேர்த்தான் என்று கேட்டேன். புத்தகத்தில் அது இல்லை என்றாள். வாங்கிப் பார்த்தேன், இல்லைதான். இளமைக்குப் பல பக்கங்கள் கொடுத்தவர்கள், "அயராத உழைப்பால் உயர்ந்தார்" என்ற ஒரே வரியில் மீதி வாழ்க்கையைத் தாண்டிவிட்டீர்கள்.

அந்த இளமைத் துன்பம் உண்மையானது. அதை நீக்கும்படி நான் கேட்கவில்லை. 1836இல் நியூயார்க் மாநிலத்தின் ராக்ஸ்பரியில் பிறந்த கூல்ட், ஐந்து வயது நிறையுமுன் தாயை இழந்தார். வெறுங்காலோடு மாடு ஓட்டியபோது முள் தைத்ததை 1883இல் செனட் குழுவின் முன் அவரே சொன்னார். நில அளவை வேலைக்குப் போனபோது, வேலை கொடுத்தவர் கையில் காசு தராமல், போகும் இடங்களில் கடன் சொல்லிச் சாப்பிடுமாறு அனுப்பிவிட்டார். வேலை கொடுத்தவர் கடனை அடைப்பார் என்று நம்பாத ஒரு வீட்டுக்காரர் கடிந்து பேச, சிறுவன் ஆளில்லாத இடத்தில் அழுது, இறைவனை வேண்டிக்கொண்டு மேலே நடந்தான். பிறகு ஒரு விவசாயி சாப்பாடு போட்டு, கடிகாரத்தைச் சரிபார்க்க உதவும் நண்பகல் கோட்டைத் தன் சாளரத்தில் குறித்துத் தரச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுத்தார். இதைப் படிக்கும் எவருக்கும் மனம் இளகும். ஆனால் கூல்டைச் செல்வராக்கியது அந்தக் கூலியன்று.

1868இல் ஈரி ரயில் நிறுவனத்தை, இன்னொரு ரயில் முதலாளியான வேண்டர்பில்ட் பங்குகளை வாங்கிக் கைப்பற்ற முயன்றபோது, கூல்டும் அவருடைய கூட்டாளிகளான டேனியல் ட்ரூவும் ஜேம்ஸ் ஃபிஸ்க்கும் அதைத் தடுக்க நிறுவனத்தின் கடன் பத்திரங்களைப் பங்குகளாக மாற்றி, புதிய பங்குகளைச் சந்தையில் கொட்டினார்கள். கைது ஆணைக்குத் தப்பி ஹட்சன் ஆற்றைக் கடந்து ஜெர்சி சிட்டியில் தங்கினார்கள். பின்னர் நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில் சட்டமன்றத்தினருக்குப் பணம் கொடுத்து அச்செயலைச் சட்டப்படி செல்லுபடியாக்கினார் கூல்ட். மறு ஆண்டு தங்கத்தை வாங்கிக் குவித்து விலையை ஏற்றினார். அரசு தன் தங்கத்தை விற்றுவிடாதிருக்க, அதிபர் கிரான்ட்டின் சகோதரியை மணந்தவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். செப்டம்பர் 24 அன்று அரசு 40 லட்சம் டாலர் தங்கத்தை விற்க முன்வந்ததும் விலை சரிந்து பலர் நொடித்துப்போனார்கள். அபாயத்தை முன்பே அறிந்த கூல்டோ, கூட்டாளிகளுக்கும் தெரியாமல் விற்றுக்கொண்டிருந்தார்.

1886இல், டெக்சஸின் மார்ஷல் நகரில் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளி நீக்கப்பட்டதிலிருந்து கிளம்பிய வேலைநிறுத்தம், கூல்டின் தென்மேற்கு ரயில்பாதைகளில் சுமார் 2 லட்சம் தொழிலாளர்கள்வரை பரவியது. கிழக்கு செயின்ட் லூயிஸில் கூட்டத்தின்மீது சுட்டதில் உயிர்கள் போயின, வேலைநிறுத்தம் தோற்றது. கையில் காசில்லாமல் வழியில் அழுத சிறுவன், கூலிக்காரர்களின் முறையீட்டுக்குச் செவி கொடுக்காத முதலாளியாக எப்படி மாறினான் என்பதல்லவா பிள்ளைகள் யோசிக்க வேண்டிய கேள்வி? அந்தக் கேள்வியே எழாதபடி நூலை வெட்டியிருக்கிறீர்கள். அவரது வாழ்க்கையை முழுதாக அச்சிடுங்கள்.

இது ஒரு நூலின் குறை மட்டுமன்று. வறுமை, விடாமுயற்சி, செல்வம் என்ற ஒரே அச்சில் எத்தனை பேரின் வாழ்க்கையை வார்த்து விற்கிறீர்கள்! உழைத்தால் எவரும் செல்வராகலாம் என்று படிக்கும் பிள்ளை, விடியுமுன் எழுந்து இருட்டிய பின் திரும்பும் தன் தகப்பன் மட்டும் ஏன் ஏழையாகவே இருக்கிறார் என்று எண்ணாதா? அவர் சரியாக உழைக்கவில்லை என்ற விடையைத்தானே உங்கள் நூல் மறைமுகமாக அதற்குத் தருகிறது? அது அந்தத் தகப்பனுக்கு இழைக்கும் அநீதி என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த பதிப்பில் 1868, 1869, 1886 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகளைச் சேருங்கள். 1892இல் காசநோயால் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற சுமார் 7 கோடி டாலரும் ஏறக்குறைய முழுவதுமாகக் குடும்பத்துக்கே போனதையும் எழுதுங்கள். முள் தைத்த கால்களும் நண்பகல் கோடும் அப்படியே இருக்கட்டும். திருத்திய படியைச் சரிபார்த்துத் தர ஊதியமின்றி உதவுகிறேன்.

மதிப்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்