கேபிள் சேனலுக்கு எம்ஆர்பி இருக்கு, ஓடிடிக்கு ஏன் இல்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஓடிடி கட்டணம் போற போக்கு பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். 2023லயும் 2024லயும் ஐபிஎல் ஜியோசினிமாவுல ஃப்ரீயா ஓடுச்சு. 2025 பிப்ரவரியில அதையும் ஹாட்ஸ்டாரையும் சேர்த்து ஜியோஹாட்ஸ்டார்னு ஆக்கினாங்க, அந்த சீசன்லேருந்தே கொஞ்ச நேரம் மேட்ச் ஓடும், அப்புறம் பிளான் போடுன்னு வந்து நிக்கும். டிஜிட்டல் உரிமைக்கு மட்டும் 23,758 கோடி கொடுத்தவங்க காசு கேக்கறது தப்புன்னு சொல்ல வரல. ஆனா அந்த உரிமை 2027 சீசனோட முடியுது, போன ஏலத்துல டிவி உரிமையும் ஆப் உரிமையும் தனித்தனியா எடுத்து போட்டி போட்டவங்க இப்ப ஒரே கம்பெனி, அடுத்த ஏலத்துக்கு அப்புறம் நம்ம கிட்ட எவ்வளவு கேப்பாங்கன்னு யார் கண்டா?

அமேசான் பிரைம்ல வருஷத்துக்கு 1499 கட்டினவங்களுக்கே 2025 ஜூன்லேருந்து விளம்பரம் போடறாங்க, வேணாம்னா மேல 699 கட்டணுமாம். காசு கட்டியும் விளம்பரம் பார்க்கணும்னா அப்புறம் கேபிள் என்ன பாவம் பண்ணுச்சு?

எங்க வீட்டுல ஒரு ஆப்ல மொபைல் பிளான்தான் இருக்கு, அது டிவியில வராது. அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு ஃபோனை சொம்புல சாய்ச்சு வெச்சு சீரியல் பார்க்கறாங்க, பெரிய டிவி பக்கத்துலயே சும்மா கிடக்கு. வேற ஒரு ஆப்ல ஒரு மாசம் போதும்னு போட்டோம், யூபிஐ ஆட்டோபேல அடுத்த மாசமும் காசு போயிடுச்சு. கேன்சல் பண்ணலாம்னா டிவியில அதுக்கு வழியே இல்ல, ஃபோன்ல அக்கவுண்ட், செட்டிங்ஸ், மெம்பர்ஷிப்னு உள்ள உள்ள போனாத்தான் கடைசியில சின்ன எழுத்துல வருது, அதை அமுக்கினா "உறுதியா போறீங்களா"ன்னு மறுபடி மறுபடி கேக்குது. வயசானவங்க என்ன பண்ணுவாங்க சொல்லுங்க.

கேபிளுக்கு 2019ல ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரு விதிமுறை கொண்டு வந்துச்சு, ஒவ்வொரு பே சேனலுக்கும் எம்ஆர்பி போடணும், வேணுங்கற சேனலை மட்டும் தனியா எடுத்துக்கலாம்னு. அதுலயும் குறை இருக்கு, பல சேனலை ஒண்ணா கட்டின பொக்கேலதான் தள்ளி விடறாங்க, இருந்தாலும் விலை என்னன்னாவது தெரியுது. ஓடிடிக்கு அப்படி எதுவுமே கிடையாது. மத்திய அரசோட 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள் என்ன காட்டலாம் காட்டக்கூடாதுன்னு பேசுது, எவ்வளவு வாங்கலாம்னு பேசல. விலையை அரசு வெக்கணும்னு நான் கேக்கல. ஒரு மேட்ச் பார்க்கறவனுக்கு ஒரு மேட்ச் காசு, ஒரு படம் பார்க்கறவனுக்கு ஒரு படத்துக்கு காசுன்னு கட்டற வழி எல்லா ஆப்லயும் இருக்கணும், ஆட்டோபே ஆன் பண்ற இடத்துலயே ஆஃப் பண்றதும் இருக்கணும். கேரள அரசு 2024 மார்ச்ல சி ஸ்பேஸ்னு சொந்தமா ஓடிடி ஆரம்பிச்சு ஒரு படத்துக்கு 75 ரூபான்னு வெச்சாங்க. அரசு கேபிள் நடத்தற நம்ம தமிழ்நாடு அரசும் இதை யோசிக்கலாமே, 2027க்கு முன்னாடியே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை